பழைய ஃபியட்டும் அம்பாசடரும் ஓடும்போதே ஆஃப் ஆனால்: கார்பரேட்டரில் கை வைப்பதற்கு முன்னும் பின்னும்

பழைய பத்மினியோ அம்பாசடரோ வாங்கியவர்களிடம் முதல் சில மாதங்களில் அதிகம் கேட்கும் புகார் இதுதான்: வண்டி ஆஃப் ஆகிவிடுகிறது. சிக்னலில் நிற்கிறது, மேம்பாலம் ஏறும்போது திணறுகிறது, மதிய வெயிலில் டீக்கடை ஓரம் நிறுத்திவிட்டு வந்தால் கிளம்ப மாட்டேன் என்கிறது. யாரைக் கேட்டாலும் ஒரே பதில்: “கார்பரேட்டர் அடைச்சிருக்கும் சார், கழட்டி கிளீன் பண்ணிடலாம்.” கழற்றிப் பூட்டுவார்கள். இரண்டு நாள் நன்றாக ஓடும். மூன்றாம் நாள் அதே மாதிரி நிற்கும்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பது பழைய கார்களில், பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்குக் கொடுக்கும் கார்பரேட்டருக்குத்தான் நன்றாகப் பொருந்தும். டேங்க் மூடியின் காற்றோட்டம் அடைபட்டாலும், தீப்பொறிக்கு உதவும் கண்டென்சர் சூட்டில் மக்கர் செய்தாலும், பெட்ரோல் டியூபில் மயிரிழை வெடிப்பு விட்டாலும் பழி வந்து விழுவது கார்பரேட்டர் மேல். ஆகவே இந்தக் கட்டுரையில் கார்பரேட்டரைத் திறக்கும் வேலை பிற்பாதியில்தான் வரும். முதல் பாதியைச் சரியாகச் செய்தவர்களில் நிறையப் பேருக்குப் பிற்பாதி தேவைப்படாது.

நான் இங்கே மனதில் வைத்திருப்பது 1089 சிசி பிரீமியர் பத்மினியும் (அதற்கு முந்தைய ஃபியட் 1100-ம் சேர்த்துதான்), 1489 சிசி பெட்ரோல் அம்பாசடரும். இவற்றில் பெரும்பாலும் பார்ப்பது சோலெக்ஸ் ஒற்றைக் குழாய் கார்பரேட்டர். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வைத்திருப்பவர்களுக்கும் சோலெக்ஸ் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். பழைய அம்பாசடர் சிலவற்றிலும் மாரிஸ் மைனரிலும் எஸ்.யு. கார்பரேட்டர் இருக்கும். அது வேறு ஜாதி, அதைத் தனியாகச் சொல்கிறேன்.

எப்போது நிற்கிறது?

ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் ஒரு நோட்டில் எழுத வேண்டிய கேள்வி இது. “அடிக்கடி நிக்குது” என்பது பதில் ஆகாது. இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா, சூடானபிறகா? ஸ்லோவிலா (மிதிக்காமல் இன்ஜின் சும்மா ஓடும்போதா), ஆக்சிலரேட்டர் மிதிக்கும் அந்த நொடியிலா, 70 கிலோமீட்டர் வேகத்தில் சீராக ஓடும்போதா? பிரேக் அழுத்தும்போதா? நின்றபின் உடனே ஸ்டார்ட் ஆகிறதா, பத்து நிமிஷம் விட்டால்தான் ஆகிறதா?

இதைவிட முக்கியமான இன்னொன்று, எப்படி நிற்கிறது என்பது. பெட்ரோல் வராமல் நிற்கும் வண்டி முன்னறிவிப்போடு நிற்கும். முதலில் பிக்கப் குறையும், ஒன்றிரண்டு ஜெர்க் அடிக்கும், மிதித்தால் இன்னும் மோசமாகும், பிறகு மெல்ல உயிர் போகும். கரண்ட் கட்டாகி நிற்கும் வண்டி சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி ஒரே நொடியில் அடங்கிவிடும். பெட்ரோல் அதிகமாகி நிற்கும் வண்டி தடதடத்து, கரும்புகை விட்டு, பெட்ரோல் வாசனையோடு நிற்கும். இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அடுத்த தடவை வண்டி நிற்கும்போது எரிச்சல்படாமல் காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

கையில் வேண்டியவை

பெரிய கருவிகள் தேவையில்லை. ஒரு ஸ்பேனர் செட், பல்லும் நீளமும் வேறுபட்ட மூன்று ஸ்க்ரூ டிரைவர்கள், ஃபீலர் கேஜ், ஒரு டெஸ்ட் லைட், கண்ணாடி பாட்டில், பழைய டூத் பிரஷ், கார்பரேட்டர் கிளீனர் ஸ்பிரே ஒன்று, கழற்றும் சாமான்களைப் போட்டு வைக்க ஒரு எவர்சில்வர் தட்டு. பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சிறு திருகுதான் ஜெட், அதன் தலை பித்தளை. பொருந்தாத ஸ்க்ரூ டிரைவரைப் போட்டால் காடி வழுக்கிவிடும், அப்புறம் அதைக் கழற்றுவதே ஒரு தனி வேலையாகிவிடும். ஆகவே அகலம் சரியான ஸ்க்ரூ டிரைவர் ஒன்றுக்குச் செலவு செய்யத் தயங்காதீர்கள்.

தீயணைப்பான் கட்டாயம். ஒரு கிலோ ஏபிசி பவுடர் சிலிண்டர் கை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பெட்ரோல் லைனைக் கழற்றுவதற்கு முன் இன்ஜின் ஆறட்டும், பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிடுங்கள். மூடிய ஷெட்டுக்குள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். கார்பரேட்டர் வாயில் நேராகப் பெட்ரோல் ஊற்றிச் செல்ஃப் அடிப்பதைச் சிலர் சர்வசாதாரணமாகச் செய்வார்கள். பேக் ஃபயர் ஆனால் அந்த நெருப்பு முகத்தை நோக்கித்தான் வரும். அதைச் செய்யாதீர்கள், செய்பவரையும் தடுத்துவிடுங்கள்.

பெட்ரோலா, கரண்டா: சாலையோரத்திலேயே பிரித்துவிடலாம்

வண்டி நின்ற இடத்திலேயே இதைப் பார்த்தால்தான் பயன். வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வருவதற்குள் எல்லாம் ஆறி, கோளாறு ஒளிந்துகொண்டுவிடும்.

ஏர் கிளீனரைக் கழற்றிவிட்டு, இன்ஜின் ஓடாத நிலையில் கார்பரேட்டரின் வாய்க்குள் பாருங்கள். கையால், ஆக்சிலரேட்டரோடு இணைந்த த்ராட்டில் லீவரை ஒருமுறை வேகமாக இழுங்கள். உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய குழாயிலிருந்து நூல் போன்ற ஒரு பீச்சல் பெட்ரோல் வரவேண்டும். வந்தால் ஃப்ளோட் சேம்பரில் (கார்பரேட்டருக்குள் பெட்ரோல் தேங்கும் சிறு தொட்டி) பெட்ரோல் இருக்கிறது. இரண்டு மூன்று தடவை இழுத்தும் வராவிட்டால், ஒன்று சேம்பர் காலி, இல்லையென்றால் ஆக்சிலரேட்டர் பம்ப் பழுது. எது என்று பின்னால் பார்ப்போம்.

பீச்சல் நன்றாக வந்தும் வண்டி கிளம்பவில்லையென்றால் கரண்டைப் பாருங்கள். ஏர் கிளீனரைத் திரும்பப் போட்டு மூடிவிட்டு, பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் நடு வயரை மூடியிலிருந்து உருவி அதன் முனையில் ஒரு ஸ்பேர் பிளக்கைச் செருகுங்கள். பிளக்கின் உடம்பு இன்ஜினின் இரும்பைத் தொடும்படி, கார்பரேட்டரிலிருந்து தள்ளி வைத்து, வேறொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீல நிறத்தில் ‘டக் டக்’ என்று சத்தத்தோடு தீப்பொறி வரவேண்டும். மஞ்சளாக, நோஞ்சானாக வந்தாலோ வராமலே இருந்தாலோ கார்பரேட்டரை விட்டுவிடுங்கள். பாயின்ட், கண்டென்சர், காயில் ஆகிய மூன்றில்தான் கோளாறு.

கண்டென்சரும் காயிலும் சூடானபின் செத்து, ஆறியபின் உயிர் பெறும் குணம் கொண்டவை. இருபது நிமிஷம் ஓடி நின்று, பத்து நிமிஷம் கழித்துக் கிளம்பும் வண்டியை “பெட்ரோல் லாக் ஆகுது” (சூட்டில் ஆவியாகிக் குழாயை அடைக்கிறது) என்று முடிவு கட்டி, பம்ப், கார்பரேட்டர் எல்லாம் மாற்றி, கடைசியில் ஒரு கண்டென்சர் மாற்றியதும் சரியான கதைகள் ஏராளம். பாயின்ட் இடைவெளி லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டர்களில் ஏறக்குறைய 0.35 முதல் 0.40 மி.மீ. வேறு டிஸ்ட்ரிபியூட்டர் இருந்தால் மேனுவலில் உள்ள அளவை வைத்துக்கொள்ளுங்கள். பாயின்டில் மேடும் பள்ளமும் விழுந்திருந்தால் ராவி ஓட்டாமல் புதிதாகப் போடுங்கள், கண்டென்சரையும் சேர்த்து மாற்றுங்கள்.

டேங்கிலிருந்து கார்பரேட்டர் வரை

கரண்ட் நன்றாக இருக்கிறது, சேம்பர் காலி என்றால் பெட்ரோல் வரும் வழியைப் பின்னாலிருந்து முன்னால் நோக்கிப் பாருங்கள்.

முதலில் டேங்க் மூடி. பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று உள்ளே போக வேண்டும். காற்றுத் துளை அடைபட்டிருந்தால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் வராது. நெடுஞ்சாலையில் ஓடி நின்ற வண்டியின் டேங்க் மூடியைத் திறக்கும்போது ‘உஸ்ஸ்’ என்று காற்று உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டால், மூடியைத் தளர்வாக வைத்து ஓட்டிப் பாருங்கள். நிற்காமல் ஓடினால் கோளாறு அதுதான். செலவே இல்லாமல் தீரும் இந்தக் கோளாறை யாரும் முதலில் பார்ப்பதில்லை என்பது எனக்கு இன்னமும் ஆதங்கம்.

அடுத்தது டேங்கின் உட்புறம். நெடுநாள் ஓடாமல் நின்ற வண்டியில் துரு செதில் செதிலாக உரிந்திருக்கும். அது உறிஞ்சு குழாயின் வாயை வந்து மூடும், வண்டி நின்று இழுவை அடங்கியதும் விலகி விழும். மறுபடி ஸ்டார்ட் ஆகும், மறுபடி நிற்கும். ஃபில்டர் கண்ணாடியில் பழுப்பு நிற மண்டி தெரிந்தால் டேங்கை இறக்கிக் கழுவித்தான் ஆகவேண்டும். ஃபில்டரை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் செலவுதான் மிச்சம்.

பிறகு ரப்பர் டியூப்கள். பம்புக்கும் கார்பரேட்டருக்கும் நடுவே உள்ள டியூப் வெடித்தால் பெட்ரோல் ஒழுகும், கண்ணுக்குத் தெரியும். டேங்குக்கும் பம்புக்கும் நடுவே உள்ள டியூப் வெடித்தால் ஒரு சொட்டும் வெளியே வராமல் போகலாம். அங்கே பம்ப் இழுப்பதால் வெடிப்பு வழியாகக் காற்றுதான் உள்ளே போகும். பம்ப் காற்றையும் பெட்ரோலையும் கலந்து இழுத்து, வேகம் கூடும்போது பற்றாக்குறையாகும். டியூபை மடக்கிப் பார்த்து, மேல்தோலில் நுண்வெடிப்புகள் இருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். கிளிப்பும் புதிதாகப் போடுங்கள்.

இப்போது பம்ப். நம் ஊர் மெக்கானிக்குகள் இதை ஏ.சி. பம்ப் என்பார்கள். கேம் ஷாஃப்டின் உந்துதலில் டயஃப்ரம் என்ற சவ்வு மேலும் கீழும் போய் பெட்ரோலை இழுக்கும். சோதிக்க: நடு வயர் கழன்றே இருக்கட்டும். கார்பரேட்டருக்கு வரும் பைப்பைக் கழற்றி கண்ணாடி பாட்டிலுக்குள் விட்டு, பேட்டரி வயரைத் திரும்ப மாட்டிச் செல்ஃப் அடியுங்கள். விட்டு விட்டு, ஒவ்வொரு தள்ளலுக்கும் பலமாகப் பெட்ரோல் பீறிட வேண்டும். பாட்டிலில் குமிழ் குமிழாக வந்தால் டியூபில் எங்கோ காற்று இழுக்கிறது. பம்பின் அடியில் கை லீவர் இருந்தால் கையாலேயே அடித்துப் பார்க்கலாம். லீவர் தொளதொளவென்று எதிர்ப்பே இல்லாமல் இருந்தால் பம்ப் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். கேம் அந்த நேரம் உயர்ந்த இடத்தில் நின்றிருக்கலாம். இன்ஜினை அரைச் சுற்று சுற்றிவிட்டு மறுபடி அடித்துப் பாருங்கள்.

டயஃப்ரம் கிழிந்தால் சில சமயம் பெட்ரோல் நேராக இன்ஜின் ஆயிலில் இறங்கும். டிப் ஸ்டிக்கை உருவி மோந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை அடித்தாலோ ஆயில் அளவு தானாகக் கூடியிருந்தாலோ இன்ஜினை ஓட்டவே கூடாது. பம்பைச் சரிசெய்து, ஆயிலையும் மாற்றியபிறகுதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும்.

இதை எதிர்கொள்ளச் சோம்பி, ஏதாவது ஒரு எலெக்ட்ரிக் பம்பை வாங்கி மாட்டுவோர் உண்டு. இன்ஜெக்‌ஷன் காருக்கான பம்ப் 40 பிஎஸ்ஐ வரை தள்ளும். சேம்பர் நிறைந்ததும் பெட்ரோலை அடைக்கும் நம் கார்பரேட்டரின் நீடில் வால்வு தாங்குவது இரண்டு மூன்று பிஎஸ்ஐ தான். வால்வு மூடவே முடியாமல் பெட்ரோல் வழிந்து சூடான சைலன்சர் மேனிஃபோல்ட் மேல் விழும்.

இதுவரை எல்லாம் சரியென்றால், கார்பரேட்டர்

சோலெக்ஸ் கார்பரேட்டரை ஒரே பொருளாகப் பார்க்காதீர்கள். அதற்குள் நான்கு தனித்தனி வழிகள் இருக்கின்றன. குளிரில் கிளப்ப ஸ்டார்ட்டர் என்ற சோக், ஸ்லோவுக்கு பைலட் ஜெட், மிதிக்கும் நொடிக்கு ஆக்சிலரேட்டர் பம்ப், ஓட்டத்துக்கு மெயின் ஜெட். வண்டி எப்போது நிற்கிறது என்று நோட்டில் எழுதினீர்களே, அது இந்த நான்கில் ஒன்றைக் காட்டிக்கொடுக்கும்.

குளிரில் மட்டும் நின்றால் சோக் கேபிளைப் பாருங்கள். இந்த சோலெக்ஸில் சோக் என்பது வாயை மூடும் தகடு அல்ல. பக்கவாட்டில் சுழலும் ஒரு வட்டத் தட்டு, தனக்கென்று ஒரு ஜெட்டோடு பெட்ரோலைத் தனியாக விடுகிறது. த்ராட்டிலுக்குக் கீழே உள்ள இழுவையை நம்பித்தான் அது வேலை செய்யும். ஆகவே குளிரில் செல்ஃப் அடிக்கும்போது ஆக்சிலரேட்டரை மிதிக்கக் கூடாது. மிதித்தால் இழுவை போய்விடும், சோக் இழுத்தும் பயன் இருக்காது. வேறு காரில் பழகியவர்கள் மிதித்துக்கொண்டே செல்ஃப் அடித்து பேட்டரியை இறக்கிவிடுகிறார்கள். நாப்பை முழுதாக இழுங்கள், காலை எடுத்துவிடுங்கள், செல்ஃப் அடியுங்கள், இன்ஜின் பிடித்ததும் பாதிக்குத் தள்ளுங்கள், சூடேறியதும் முழுக்கத் தள்ளிவிடுங்கள். நாப் முழுக்க உள்ளே போனபின் கார்பரேட்டரில் உள்ள லீவரும் கடைசி வரை திரும்பி வந்து முட்டுகிறதா என்று பாருங்கள். கேபிள் இறுகி அது பாதியில் நின்றால், சூடான இன்ஜினுக்கு எப்போதும் அதிகப் பெட்ரோல் போய் சிக்னலில் தடதடத்து நிற்கும்.

ஸ்லோவில் மட்டும் நின்று, ஓட்டத்தில் நன்றாக இருந்தால் பைலட் ஜெட் அடைப்பு, அல்லது ஏர் லீக் (வெளிக்காற்று உள்ளே நுழைவது). இதுதான் அதிகம் பார்க்கும் கோளாறு, ஆகவே நிதானமாகப் பாருங்கள். சூடான இன்ஜினில், நிற்காமலிருக்க ஸ்லோ வேகத்தைக் கூட்டும் த்ராட்டில் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏற்றி வைத்து, ஸ்லோவின் கலவையை மாற்றும் மிக்சர் ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகுங்கள். வழி சரியாக இருந்தால் இன்ஜின் திணற ஆரம்பிக்கும். எவ்வளவு திருகினாலும் எந்த மாற்றமும் இல்லையென்றால் பைலட் ஜெட்டிலோ அதன் வழியிலோ அடைப்பு இருக்கிறது, அல்லது த்ராட்டில் அளவுக்கு மேல் திறந்து நிற்கிறது. இப்போது சோக் நாப்பைக் கால் பங்கு இழுத்துப் பாருங்கள். ஸ்லோ சட்டென்று சீரானால் இன்ஜின் பெட்ரோலுக்குத்தான் ஏங்குகிறது.

அடைப்பா, ஏர் லீக்கா? பிரஷ்ஷில் கொஞ்சம் இன்ஜின் ஆயிலைத் தொட்டு, த்ராட்டில் தகட்டைத் தாங்கும் அச்சான ஸ்பிண்டிலின் இரு முனைகளிலும், கார்பரேட்டரின் அடி கேஸ்கட்டைச் சுற்றியும், இன்ஜினுக்குக் கலவை போகும் மேனிஃபோல்டின் கேஸ்கட் ஓரங்களிலும் தடவிக்கொண்டே வாருங்கள். எங்கே தடவும்போது இன்ஜின் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் காற்று இழுக்கிறது. சிலர் இதற்கு கிளீனர் ஸ்பிரே அடிப்பார்கள். சூடான இன்ஜினில் அது தீப்பிடிக்கும், ஆயில் போதும். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வேக்குவம் டியூபையும் கழற்றி, வாயால் உறிஞ்சி நாக்கால் மூடிப் பாருங்கள். பிடிப்பு நிற்காமல் காற்று வந்துகொண்டே இருந்தால் அந்த டயஃப்ரமும் ஓட்டை.

மிதிக்கும் நொடியில் விக்கி நின்றால் ஆக்சிலரேட்டர் பம்ப். முன்னால் பார்த்தோமே, அந்த பீச்சல் வரவில்லையென்றாலோ தாமதமாக, சொட்டாக வந்தாலோ பக்கவாட்டில் உள்ள சிறிய மூடியின் ஸ்க்ரூக்களைக் கழற்றுங்கள். உள்ளே உள்ள டயஃப்ரம் விறைத்தோ கிழிந்தோ இருக்கும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் ஊசித்துளை தெரியும். பீச்சும் குழாயின் வாயும் அடைபட்டிருக்கலாம். த்ராட்டிலோடு இணைக்கும் கம்பியின் பின் கழன்று, கம்பி சும்மா தொங்குவதும் உண்டு. அதை முதலில் பாருங்கள்.

வேகத்தில் மட்டும் திணறினால் மெயின் ஜெட். கார்பரேட்டரைக் கழற்றாமலேயே இதைப் பார்க்கலாம். ஃப்ளோட் சேம்பரின் அடிப்பகுதியில் வெளியிலிருந்து திருகியிருக்கும் ஹோல்டரைக் கழற்றினால் ஜெட் அதோடு வந்துவிடும். அடியில் ஒரு துணியைப் பிடித்துக்கொள்ளுங்கள், பெட்ரோல் கொட்டும்.

பிரேக் அடிக்கும்போதும் திருப்பத்திலும் நின்றால், அல்லது பெட்ரோல் வாசனையும் கரும்புகையும் இருந்தால் ஃப்ளோட்டும் (சேம்பரில் உள்ள மிதவை) நீடில் வால்வும். நீடிலுக்கும் அதன் இருக்கைக்கும் நடுவே ஒரு தூசி மாட்டினால் போதும், சேம்பர் நிறைந்து வழியும். சாலையில் நின்றுவிட்டால், ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் சேம்பரை நாலு தட்டு தட்டுங்கள். தூசி விலகினால் வீடு வரை போய்ச் சேரலாம். வீட்டில் திறந்து பாருங்கள். பித்தளை ஃப்ளோட்டைக் காதோரம் வைத்துக் குலுக்குங்கள். உள்ளே தளக் தளக் என்றால் ஓட்டை. சந்தேகம் இருந்தால் வெந்நீரில் அமிழ்த்துங்கள், ஓட்டை உள்ள இடத்தில் குமிழ் கிளம்பும். அதைச் சூடுவைத்துப் பற்றவைக்க நினைக்காதீர்கள். உள்ளே பெட்ரோல் ஆவி இருக்கும். புது ஃப்ளோட் போடுவதுதான் பாதுகாப்பு.

வெயிலில் நிறுத்திவிட்டு வந்தால் கிளம்பவில்லை என்பது வேறு விஷயம். ஓடும்போது காற்றும் புதிதாக வரும் பெட்ரோலும் கார்பரேட்டரைக் குளிர்விக்கும். அணைத்ததும் இரண்டும் நின்றுபோய், இன்ஜின் சூடு முழுதும் மேலேறும். சேம்பரில் உள்ள பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வழியும், பைப்பில் உள்ளது ஆவியாகும். இப்போது சோக் இழுக்கவே கூடாது. ஆக்சிலரேட்டரை மெதுவாகப் பாதிக்கு மேல் மிதித்து, அப்படியே பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். மிதித்து மிதித்து விடாதீர்கள், ஒவ்வொரு மிதிக்கும் பம்ப் இன்னும் பெட்ரோலை உள்ளே பீச்சும். நிரந்தரத் தீர்வு வேண்டுமென்றால், கார்பரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய தடிமனான பேகலைட் கட்டை இருக்கிறதா என்று பாருங்கள். எப்போதோ உடைந்ததை எறிந்துவிட்டு வெறும் காகித கேஸ்கட் போட்டு ஓட்டும் வண்டிகள் நிறைய. பெட்ரோல் பைப் சைலன்சர் மேனிஃபோல்டை உரசிப் போனால் வழியை மாற்றுங்கள்.

கழற்றிக் கழுவும் முறை

கழற்றுவதற்கு முன் நாலு பக்கமும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மிக்சர் ஸ்க்ரூவைக் கழற்றும் முன், அது மெல்ல முட்டும்வரை உள்ளே திருகி, எத்தனை சுற்று ஆனது என்று எழுதி வையுங்கள். அழுத்தி முறுக்கினால் அதன் கூர்முனையில் வளையம் விழும். அப்புறம் ஸ்லோ எந்தக் காலத்திலும் சீராக நிற்காது.

மேல் மூடியைத் திறந்ததும் உடனே கழுவிவிடாதீர்கள். சேம்பரின் அடியில் என்ன படிந்திருக்கிறது என்று பாருங்கள். பழுப்பு மண்டி என்றால் டேங்க் துரு. கறுப்புத் துகள் என்றால் ரப்பர் டியூப் உள்ளே கரைகிறது. வெள்ளைப் பொடியோ தனியாக உருளும் நீர்த்துளியோ என்றால் பெட்ரோலில் தண்ணீர். பசைத் துணுக்கு கிடந்தால், கேஸ்கட்டுக்கு யாரோ சீலன்ட் பூசியிருக்கிறார்கள். இந்த மேல் மூடி கேஸ்கட்டுக்குப் பசையே வேண்டியதில்லை. பிதுங்கும் பசை நேராக ஜெட்டில் போய் உட்காரும்.

ஜெட்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் தட்டில் வையுங்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சோலெக்ஸ் ஜெட்டில் உள்ள எண் துளையின் அளவு, மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கில். 120 என்றால் 1.20 மி.மீ. அவ்வளவு துல்லியமாகத் துளைத்த பித்தளையில் ஊசியோ கம்பியோ விட்டால் ஜெட் கெட்டது என்று அர்த்தம். கிளீனர் அடித்து ஊற வையுங்கள், பிறகு காற்று அடியுங்கள், வெளிச்சத்தில் பிடித்து வட்டம் முழுதாகத் தெரிகிறதா என்று பாருங்கள். அடம் பிடிக்கும் அடைப்புக்கு பிரஷ்ஷின் ஒற்றை நைலான் நார் போதும். உடம்பில் உள்ள ஒவ்வொரு துளைக்கும் கிளீனரை அடித்து, அது எங்கே வெளிவருகிறது என்று தேடுங்கள். வெளிவரவில்லையென்றால் அடைப்பு அங்கேதான். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அந்தத் திரவம் எதிர்பாராத துளையிலிருந்து கண்ணில் பாயும்.

அடித் தளத்தை ஒரு கண்ணாடிப் பலகையில் வைத்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் தளம் வளைந்திருக்கிறது. அளவுக்கு மேல் நட்டை முறுக்கியதன் விளைவு அது. பலகை மேல் மெல்லிய எமரித் தாளை விரித்து, எட்டு வடிவில் தேய்த்துச் சமமாக்கலாம். பூட்டும்போது புது கேஸ்கட், புது நீடில் வால்வு. வால்வுக்கு அடியில் இருக்கும் வாஷரைத் தொலைத்துவிடாதீர்கள். சோலெக்ஸில் பெட்ரோல் மட்டத்தைத் தீர்மானிப்பது அந்த வாஷரின் தடிமன்தான். அதே தடிமனில் திரும்பப் போடவேண்டும்.

செட்டிங்

பாயின்ட், டைமிங், டேப்பட் (வால்வு இடைவெளி) மூன்றும் சரியாக இருந்தால்தான் கார்பரேட்டர் செட்டிங் நிலைக்கும். இன்ஜின் நன்றாகச் சூடேறட்டும், சோக் முழுக்க உள்ளே. மிக்சர் ஸ்க்ரூவை முட்டும்வரை திருகி ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். த்ராட்டில் ஸ்க்ரூவால் ஸ்லோவைச் சற்று அதிகமாக வையுங்கள். மிக்சர் ஸ்க்ரூவை இன்ஜின் ஏறி இறங்கித் தள்ளாடும்வரை வெளியே எடுத்து, பிறகு கால் கால் சுற்றாக உள்ளே திருகி, சீராகும் அந்த இடத்தில் நிறுத்துங்கள். இப்போது த்ராட்டில் ஸ்க்ரூவால் 700, 800 ஆர்பிஎம்முக்கு இறக்குங்கள். தேவையானால் இன்னொரு முறை. ஒரு நேரத்தில் ஒரு ஸ்க்ரூ, அதுவும் கொஞ்சமாக. இரண்டையும் சேர்த்துத் திருகினால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் போய்விடும். நாற்பது ஐம்பது கிலோமீட்டர் ஓட்டியபின் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பு நிறம் நல்லது, கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம், சுண்ணாம்பு வெள்ளையாக இருந்தால் குறைவு.

எஸ்.யு. கார்பரேட்டர் இருந்தால்

இதில் மேலே கோபுரம் போன்ற மூடியும் உள்ளே ஏறி இறங்கும் பிஸ்டனும் இருக்கும். விரலால் பிஸ்டனைத் தூக்கி விடுங்கள். தடையில்லாமல் இறங்கி அடியில் ‘டக்’ என்று உட்கார வேண்டும். சிக்கினால் மூடியின் உட்புறத்தையும் பிஸ்டனையும் பெட்ரோலில் துடையுங்கள், எமரி போடாதீர்கள். மேல் நட்டைத் திறந்து ஆயில் பாருங்கள், எஸ்ஏஇ 20 தரத்து ஆயில் போதும். ஆயில் இல்லாவிட்டால் மிதிக்கும் நொடியில் விக்கும், இதில் தனியாக ஆக்சிலரேட்டர் பம்ப் கிடையாது. ஸ்லோவில் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் அளவு தூக்குங்கள். வேகம் ஏறி அப்படியே நின்றால் பெட்ரோல் அதிகம், உடனே அணைய வந்தால் குறைவு, ஒரு கணம் லேசாக ஏறி அடங்கினால் சரி. அடியில் உள்ள ஜெட் நட்டை மேலே திருகினால் குறையும், கீழே இறக்கினால் கூடும். ஒரு தடவைக்கு நட்டின் ஒரு முகம் மட்டும்.

எத்தனால் கலந்த பெட்ரோல்

இன்று பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் சாதாரணப் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது. நம் வண்டிகள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, ஆகவே மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ரப்பர் முதலாவது. பழைய டியூபையும் டயஃப்ரமையும் எத்தனால் ஊதவைத்தோ விறைக்கவைத்தோ கெடுக்கும். எஸ்ஏஇ ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட டியூபையே கேட்டு வாங்குங்கள், பம்ப் கிட் வாங்கும்போதும் எத்தனால் தாங்குமா என்று கேளுங்கள். அடுத்தது தண்ணீர். எத்தனால் ஈரத்தை இழுக்கும், அளவு மிஞ்சினால் இரண்டும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். உறிஞ்சு குழாயின் வாய் இருப்பதும் அடியில்தான். மழைக்காலம் முழுக்க மூடிவைத்திருந்த வண்டியைக் கிளப்புமுன் டேங்க் அடியிலிருந்து ஒரு பாட்டில் எடுத்து அரை மணி நேரம் அசையாமல் வையுங்கள். கீழே தனியாக ஒரு அடுக்கு தெரிந்தால் டேங்கைக் காலி செய்யுங்கள். மாதக்கணக்கில் நிற்கப்போகும் வண்டியில் ஃப்ளோட் சேம்பரைக் காலி செய்துவைத்தால் ஜெட்டில் பசை படியாது.

மூன்றாவது கலவை. சுத்தமான பெட்ரோலின் ஒரு பங்குக்கு எடையில் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 பங்கு போதும். 20 சதவீதக் கலவைக்கு ஏறக்குறைய 13.5. அதாவது பழைய ஜெட்டே இருந்தால் இன்ஜின் எப்போதும் பற்றாக்குறையில் ஓடும். பிளக் வெளுத்து, ஏர் லீக் எதுவும் இல்லை என்று உறுதியானால் அடுத்த அளவு மெயின் ஜெட் போட்டுப் பார்க்கலாம். 120-லிருந்து 125-க்குப் போனால் துளையின் பரப்பு எட்டு சதவீதத்துக்கு மேல் கூடுகிறது, பெரும்பாலும் அது போதும்.

எப்போது லேத் பட்டறை

எல்லாம் செய்தும் ஸ்லோ ஒரு நாள் சீராக இருக்கிறது, மறுநாள் இல்லை என்றால் த்ராட்டில் ஸ்பிண்டிலை விரலால் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆட்டம் கைக்குத் தெரிந்தால் உடம்பில் உள்ள துளை தேய்ந்து நீள்வட்டமாகிவிட்டது. எந்தச் செட்டிங்கும் இதைச் சரிசெய்யாது. இது வீட்டில் செய்யும் வேலையும் அல்ல. பழைய கார்பரேட்டர் வேலை தெரிந்த லேத்காரரிடம் கொடுத்து, இரு பக்கமும் புஷ் (தேய்ந்த துளைக்குள் பொருத்தும் வளையம்) அடித்து, புது ஸ்பிண்டில் போடச் சொல்லுங்கள். வாங்கி வந்ததும் த்ராட்டில் தகட்டை மூடி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், சுற்றிலும் ஒரே சீரான மயிரிழை வெளிச்சம்தான் தெரிய வேண்டும். ஒரு பக்கம் பிறையாகத் தெரிந்தால் தகட்டின் இரு ஸ்க்ரூக்களையும் தளர்த்தி, லீவரை விட்டுவிட்டு தகடு தானாக நடுவில் உட்கார்ந்தபின் முறுக்கி, ஸ்க்ரூ முனைகளை அடித்து விரித்துத் தரச் சொல்லுங்கள். அந்த ஸ்க்ரூ கழன்றால் நேராக சிலிண்டருக்குள் போகும். சென்னையில் ஜி.பி. ரோட்டுக் கடைகளிலும் புதுப்பேட்டையிலும் கிட், ஜெட், ஃப்ளோட் இன்னும் கிடைக்கின்றன. முழு கார்பரேட்டரே வாங்குவதாக இருந்தால் பெட்டியை நம்பாமல், கடையிலேயே ஸ்பிண்டிலை ஆட்டிப் பார்த்து, ஜெட் எண்களை உங்கள் பழைய கார்பரேட்டரின் எண்களோடு ஒப்பிட்டு வாங்குங்கள். பழையதைக் கடையில் கொடுத்துவிட வேண்டாம். நல்ல உடம்பு கொண்ட பழைய சோலெக்ஸ், புஷ் அடித்துவிட்டால், இப்போது புதிதென்று விற்கும் பலவற்றைவிட நன்றாக ஓடும்.